விரலில் சேராத காய்கறி

1

"மோள் பச்சக்கறி கழிக்குமோ?"

உங்கள் மகள் காய்கறி சாப்பிடுவாளா என்று அர்த்தம். போன மாதம், ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், மித்ராவின் பள்ளிக்கூடத்தில் வைத்து ஓர் இளம் டாக்டர் என்னிடம் கேட்டார். சாப்பிடுவாள் என்று யோசிக்காமல் சொன்னேன். அதே கேள்வியை இப்போது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. நானே வாங்கி, நானே நறுக்கி, நானே வேகவைத்து, நானே பிசைந்து ஊட்டுகிறேன். அப்படியிருந்தும் தெரியவில்லை.

நாங்கள் இருப்பது கொச்சியில், மட்டாஞ்சேரியில். இதைப் புலம்பெயர்வு என்று சொன்னால் துபாயிலும் டொராண்டோவிலும் இருந்து இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் சிரிக்கக்கூடும். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். எல்லையில் வாளையாறைத் தாண்டினால் வந்துவிடலாம். ஆனால் இரண்டு வருடம் கழித்தும் ரேஷன் அட்டையை மாற்ற முடியாமல் அலைந்தவர்களுக்கும், பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையைப் படிக்க யுகேஜி பிள்ளையைக் கூப்பிடுகிறவர்களுக்கும் தூரம் கிலோமீட்டரில் இருப்பதில்லை. இந்த ஆவணியோடு நாங்கள் வந்து நான்கு வருடம் முடிகிறது. என் கணவர் செந்திலுக்கு இங்கே பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் கணக்கு வேலை. வந்தபோது மித்ரா தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது ஐந்து வயது.

சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அந்தப் பெயரைச் சொன்னால் இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர்கள் தின்கிற தக்காளியும் முருங்கையும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன. என் அண்ணனும் எங்கள் காட்டில் விளைவதை எறணாகுளம் மார்க்கெட்டுக்கு லோடு அனுப்புகிறவர்தான்.

2

அன்று பள்ளிக்கு வந்தவர்கள் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக் குழுவினர். சிறு பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு பழமும் காய்கறியும் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கிறார்களாம். ஒப்புதல் படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. ஆங்கிலத்தில் வாசித்துக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் நின்ற மித்ரா மலையாளப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். தமிழில் அவளுக்கு இன்னும் "அ" தாண்டவில்லை.

முதலில் அம்மாக்களிடம் கேட்டார்கள். நேற்று என்ன கொடுத்தீர்கள், எத்தனை கரண்டி, பழம் உண்டா. நான் பெருமையாகவே சொன்னேன். மதியம் வெள்ளைப் பூசணிக்காய்க் கூட்டு, ராத்திரி சௌசௌ, மாலையில் தோல் சீவிய ஆப்பிள். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா, "எங்கட மோன் மீன் இல்லெங்கில் வாய் துறக்கூல்ல" என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். மீன் இல்லாவிட்டால் வாயே திறக்க மாட்டானாம். எனக்கு அவள்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். மேசைமேல் டிபன் டப்பா அளவில் ஒரு கருவி. அதில் விரலை வைத்தால் உள்ளேயிருந்து ஒரு வெளிச்சம் படும். கேரட், மாம்பழம், பப்பாளி, கீரை இவற்றிலுள்ள மஞ்சள், சிவப்பு நிறப்பொருள்கள் ரத்தத்தில் கலந்து, மெல்ல மெல்லத் தோலில் வந்து தங்குமாம். அந்த வெளிச்சம் தோலில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளக்கும். ஒரு நாள் கணக்கு இல்லை. பல வாரங்களாகச் சாப்பிட்டதன் கணக்கு.

"எதுக்கு மேடம் இது? அதான் நாங்க சொல்லிட்டோமே?" என்று கேட்டேன்.

டாக்டரின் பெயர் ஜெஸ்னா. என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். கோயம்புத்தூரில் படித்தவர், தமிழ் கலந்து பேசுவார். "சேச்சி, யாரும் பொய் சொல்லறாங்கன்னு இல்ல. அம்மமாருக்குக் கொடுத்தது ஓர்ம்ம வரும். பிள்ளை எத்ர உள்ள எடுத்துதுன்னு சரீரத்தோடதான் கேக்கணும்." கொடுத்தது அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், உள்ளே போனது எவ்வளவு என்று உடம்பைத்தான் கேட்க வேண்டுமாம்.

மீன் இல்லாவிட்டால் வாய் திறக்காத பையனுக்குத் திரையில் கோடு பாதிக்கு ஏறியது. வீட்டுக் கொல்லையில் பப்பாளி மரம் இருக்கிறதாம். மித்ரா விரலை வைத்தாள். கோடு கீழேயே நின்றது. டாக்டர் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கச் சொன்னார். மறுபடியும் கீழேயே.

ஜெஸ்னா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பேடிக்கண்டா" என்று தொடங்கினார். யாராவது பயப்படாதே என்று ஆரம்பித்தால் அப்போதுதான் எனக்குப் பயம் ஆரம்பிக்கும். பிள்ளை சாப்பிடாமல் இருக்கலாம், அடிக்கடி காய்ச்சல் வந்திருந்தால் குறையலாம், சில உடம்புகளில் இயல்பாகவே குறைவாகத் தங்கும், சாப்பிட்டும் குடலில் சரியாகச் சேராமல் இருக்கலாம் என்றார். கடைசியாகச் சொன்னதை மட்டும் என் காது பிடித்துக்கொண்டது. சந்தேகம் தீர ரத்தமும் மலமும் பரிசோதித்துவிடலாம் என்றார்.

ஆட்டோவில் வரும்போது மித்ராவின் விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லோருடைய விரலையும் போலத்தான் இருந்தது.

3

ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில் என்ன நடந்தது என்று எழுதுவதற்கு முன்னால், என் சமையலறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரம்மா ஸுஹராவை நான் இத்தா, அதாவது அக்கா என்று கூப்பிடுவேன். கீழ்வீட்டில் இருக்கிறார். குடிவந்த முதல் வாரம், நான் கறிவேப்பிலையைத் தண்ணீரில் ஒரு முறை அலசி எண்ணெயில் போட்டதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்தார். "மோளே, நீ எந்தா ஈ காட்டணே? அது தமிழ்நாட்டீன்னு வருண சாதனமல்லே! முழுவன் விஷமா!" என்ன இப்படிச் செய்கிறாய், தமிழ்நாட்டிலிருந்து வருகிற சரக்கு முழுக்க விஷம் என்று அர்த்தம்.

"நானும் தமிழ்நாட்டுல இருந்து வந்த சாதனந்தான் இத்தா" என்றேன்.

"நின்னெ நல்லோணம் கழுகியிட்டா ஞான் அகத்து கேற்றியே" என்று அவர் சொல்ல, இருவரும் சிரித்தோம். என்னை நன்றாகக் கழுவித்தான் உள்ளே விட்டாராம்.

சிரித்ததோடு முடிந்திருக்கலாம். ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருந்தவள் நான். டிவியில் அதே பேச்சு. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அதே பேச்சு. ஓணம் நெருங்கினால் எல்லையில் லாரியை நிறுத்திக் காய்கறி சோதிக்கிற காட்சியை மாறி மாறிக் காட்டுவார்கள். லாரியின் நம்பர் பலகையில் எங்கள் மாவட்டத்து எண் இருக்கிறதா என்று பார்ப்பேன். அண்ணனுக்காகவா, மித்ராவுக்காகவா பார்த்தேன் என்று தெரியாது.

மெதுவாக ஒரு வழிமுறை உருவானது. வாங்கிய காயை முதலில் புளித்தண்ணீரில் ஊறப்போடுவேன். பிறகு உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீர். பிறகு வெந்நீர். பிறகு தோலைத் தடியாகச் சீவுவேன். முட்டைக்கோசில் பச்சையாக இருக்கிற இதழ்களையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டு உள்ளே வெளுப்பாக இருப்பதை மட்டும் எடுப்பேன். வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு மறுபடியும் வேகவைப்பேன். இலைகளை எப்படிக் கழுவினாலும் மனசு ஆறாது என்பதால் கீரை நின்றது. திராட்சை நின்றது. தக்காளி நின்றது. சாயம் ஏற்றுகிறார்கள், கல் வைத்துப் பழுக்கவைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கேரட்டும் மாம்பழமும் பப்பாளியும் நின்றன. தோலோ மேல் இதழோ உரிக்க முடிந்த வெளுத்த காய்கள் மட்டும் மிஞ்சின: கோசோடு வெள்ளைப் பூசணி, சௌசௌ, வெள்ளரி, முள்ளங்கி, சுரைக்காய். மித்ராவுக்கு அடிக்கடி இருமல் வரும், எண்ணெய் ஆகாது என்று தாளிப்பும் இல்லை.

மித்ரா அதைத் தட்டு நிறையச் சாப்பிடுவாள். அடம் பிடிக்க மாட்டாள். எங்கள் சொந்தக்காரர்கள் போனில் "உன் புள்ள காய் திங்குதே, குடுத்து வெச்சவ" என்பார்கள்.

செந்தில் மட்டும் ஒருமுறை சொன்னார். "இதுல காய் எங்க இருக்கு? சுடுதண்ணிய மென்னு திங்கற மாதிரி இருக்கு." நாக்கு ருசி தேடுகிறது என்று நினைத்து நான் கண்டுகொள்ளவில்லை.

4

காத்திருந்த நாட்களில் மித்ராவுக்கு இருக்கக்கூடிய எல்லா நோய்களையும் செல்போனில் படித்தேன். குடல் சம்பந்தப்பட்டவை ஒவ்வொன்றிலும் அவளுக்குப் பொருந்துகிற ஏதோ ஓர் அறிகுறி இருந்தது. ஒல்லி. சில நாட்களில் வயிற்றுவலி என்பாள். நகத்தில் வெள்ளைப் புள்ளி. தூங்கும்போது வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். கேட்டு என்ன தெரியும்? ஆனாலும் கேட்டேன்.

ஜெஸ்னா போன் செய்தபோது மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"சேச்சி, குடல்ல குழப்பம் ஒண்ணுமில்ல. புழுவும் இல்ல. பின்ன, ரத்தத்துல வைட்டமின் சி நல்லோணம் குறவு. சேச்சி எப்படி சமைக்கறீங்க, ஒண்ணு சொல்லுங்க?"

நான் புளித்தண்ணீரில் ஆரம்பித்து வரிசையாகச் சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேன் சேச்சி. அந்த வைட்டமின் தண்ணியோட போகும். நீங்க அத மூணு தடவை கழுவி, ரெண்டு தடவை வேகவெச்சு சிங்க்ல கொட்டறீங்க. நிறமுள்ள சாதனம் உடம்புல சேரணும்னா கொஞ்சம் எண்ணெய் வேணும். அதும் இல்ல. பின்ன இந்த வெளுத்த காய் இருக்கில்லே, பூசணி, வெள்ளரி... அது நல்லதுதான். பட்சே என் மெஷினுக்கு அது கண்ணுல படாது. அது நிறம் மட்டும்தான் பாக்கும்."

"அப்ப அவ சாப்பிட்டாளா, இல்லையா மேடம்?"

"சாப்பிட்டா. சேர வேண்டியது சேரல."

நோய் இல்லை என்று கேட்டதும் அழுகை வந்தது. கூடவே இன்னொரு பயம் எழுந்தது. "மேடம், இனிமேல் நான் கழுவாம கொடுத்தா உங்க மெஷின்ல கோடு ஏறும். அதோட சேர்ந்து பூச்சிமருந்தும் உள்ள போகுமே, அது எதுல தெரியும்?"

"அது வேற டெஸ்டாணு. ஞங்ஙள் செய்யுன்னில்ல" என்றார். அதை அவர்கள் செய்வதில்லையாம். பிறகு என் குரலைக் கேட்டோ என்னவோ, தமிழில் தொடர்ந்தார். "குழாய்த் தண்ணியில நல்லா தேச்சுக் கழுவுங்க. எல்லாக் காயும் மாத்தி மாத்திக் கொடுங்க. கொடுக்காம இருக்கறதுதான் இப்ப பெரிய பயம். ஓணம் லீவு கழிஞ்சு ஒருக்கா கூடி விரல் வெச்சுப் பாக்கலாம்."

5

அன்றே மாற்றினேன். கேரட்டைக் கழுவி, தோலை லேசாகச் சுரண்டி, நெய்யில் வதக்கினேன். முருங்கைக்கீரைப் பொரியல் செய்தேன். தட்டைப் பார்த்ததும் மித்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, இது கழுகியோ?"

"கழுவிட்டேன்டி தங்கம்."

"புளிவெள்ளத்திலோ?"

"வெறும் தண்ணியில."

"எனிக்கு வேண்டா. விஷம் உண்டு."

ஐந்து வயதுப் பிள்ளை. குரலில் அடம் இல்லை. எனக்கு விஷயம் தெரியாததுபோலப் பொறுமையாகச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அவளுடைய டீச்சரைப் பார்க்கப் போனேன். பள்ளியில் வாரம் ஒருநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பழம் தருவார்கள். அதைச் சாப்பிடுகிறாளா என்று கேட்கத்தான். டீச்சர் வயதானவர், நிறையச் சிரிப்பவர். கேட்டதும் சிரித்தார்.

"மித்ரயோ? அவள் பழம் வாங்கிச்சிட்டு நேரே பைப்பின்டெ அடுத்து போகும். கழுகிக் கழுகி நிக்கும். பெல்லடிக்குன்ன வரெ கழுகும். பின்ன அதில் எந்துண்டு பாக்கி? பப்பாயயாணெங்கில் கையிலிருந்நு அலிஞ்ஞு போகும்."

பழத்தை வாங்கியதும் நேரே குழாயடிக்குப் போய், மணி அடிக்கிறவரை கழுவிக்கொண்டே நிற்பாளாம். பப்பாளித் துண்டு கையிலேயே கரைந்து போய்விடுமாம்.

"நீங்க கேட்டா என்ன சொல்வா டீச்சர்?"

"அம்ம இங்ஙனெயா கழுகுன்னே, என்னு பறயும். நல்ல விருத்தியுள்ள குட்டியல்லே என்னு ஞானும் விட்டு."

அம்மா இப்படித்தான் கழுவுவாள் என்பாளாம். சுத்தமான பிள்ளை என்று டீச்சரும் விட்டுவிட்டாராம். அவர் என்னைப் பாராட்டித்தான் சொன்னார். நான் அந்தக் குழாயடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளின் உயரத்துக்குக் கட்டியது. மற்றவர்கள் விளையாடுகிற நேரத்தில் இவள் இங்கே நின்றிருக்கிறாள்.

என் மகள் மலையாளத்தில் சிரிக்கிறாள், மலையாளத்தில் கோபித்துக்கொள்கிறாள். அவள் என்னைவிட்டு விலகிக்கொண்டே போகிறாள் என்று போன வருடம் ஒரு தோழிக்கு எழுதியிருந்தேன். விலகவில்லை. என்னிடமிருந்து ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

6

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். ஓண லோடு இறக்க எறணாகுளம் வந்தவர், ஒரு பை தக்காளியும் முருங்கைக்கீரைக் கட்டும் தூக்கிக்கொண்டு படகேறி இக்கரைக்கு வந்துவிட்டார். மித்ரா பையை எட்டிப் பார்த்துவிட்டு அவரிடமும் கேட்டாள்.

"மாமா, இது கழுகியோ?"

அண்ணன் ஒரு தக்காளியை எடுத்து, தோளில் கிடந்த துண்டில் துடைத்து, ஒரே கடியில் பாதியை வாயில் போட்டார். "கழுவிட்டேன் சாமி. பாத்தியா? மாமன் செத்தா போயிட்டேன்?"

மித்ரா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அண்ணனும் என்னைப் பார்த்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஏன் அம்மிணி, நம்ம காட்டுக் காயையா புளித்தண்ணில போட்ட? இந்த ஊர்க்காரனுக சொல்றானுகன்னா, நீயுமா?"

எனக்கும் கேட்க ஒன்று இருந்தது. நான்கு வருடமாகக் கேட்கவில்லை. "அண்ணா, நெசமாச் சொல்லு. மருந்தடிச்சு எத்தனை நாள் விட்டுப் பறிக்கற?"

அவர் கையிலிருந்த பாதித் தக்காளியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "இதுக்கு அடிக்கல. வீட்டுக்குன்னு கெணத்தோரமா ரெண்டு வரிசை விட்டிருக்கேன். அதுல அடிக்கறதில்ல."

"லோடுக்குப் போறது?"

"அடிக்காம எப்படி? புழு விழுந்தா மார்க்கெட்டுல எவன் எடுப்பான்? நாள் விட்டுத்தான் பறிக்கறோம். வெலை ஏறுற நேரத்துல..." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "எல்லாருந்தான் திங்கறாங்க அம்மிணி. நாங்களும் கடையில வாங்கித் திங்காமயா இருக்கோம்?"

நாங்கள் பேசியது கேட்டு ஸுஹரா இத்தா படியேறி வந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். அண்ணன் ஒரு கை தக்காளியை அவரிடம் நீட்டினார். "இந்தாங்க, எங்கூரு விசம்."

"தாடா மோனே" என்று இத்தா முந்தானையை ஏந்தினார். "நிங்ஙட விஷம் இல்லெங்கில் ஞங்ஙக்கு ஓணமுமில்ல, பெருநாளுமில்ல."

"விசம் விசம்னுட்டே நல்லாத்தான் திங்கறீங்க எல்லாரும்" என்றார் அண்ணன். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிறந்த வீட்டில் இரண்டு வரிசை தனியாக இருக்கிறது என்பது எனக்கு இதுநாள்வரை தெரியாது. மட்டாஞ்சேரிக்குத் தினமும் வருகிற காய் அந்த இரண்டு வரிசையிலிருந்து வருவதில்லை. இனி ஒவ்வொரு முறை கடையில் நிற்கும்போதும் அது ஞாபகம் வரும்.

அண்ணன் கிளம்பியபிறகு மித்ரா ஒரு தக்காளியை எடுத்துக்கொண்டு சிங்க் பக்கம் போனாள். நானும் போய் நின்றேன். ஜெஸ்னா சொன்னபடி குழாயைத் திறந்து, கட்டைவிரலால் தேய்த்துக் கழுவிக் காட்டினேன். அவளும் அதேபோல் செய்தாள்.

"மதியோ அம்மா?" என்றாள். போதுமா என்று.

நான் உடனே போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்துவிட்டேன். அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள். குழாயடியிலேயே நின்றாள்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இதைப் படிப்பவர்களில் காடு கழனி வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். மருந்தடித்த காயை எத்தனை நாள் கழித்துப் பறிக்கிறீர்கள், உங்கள் வீட்டு உலைக்கு எதை எடுக்கிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். வெளியூரில், வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்கள், இப்படிப் பயந்துபோன ஒரு குழந்தையை மறுபடியும் கீரை தின்ன வைத்தது எப்படி என்று சொல்லுங்கள். மிரட்டியா, கொஞ்சியா, கூடவே உட்கார்ந்து நாமும் தின்றா?

ஓணம் விடுமுறை முடிந்ததும் அவள் மறுபடியும் விரலை அந்த வெளிச்சத்தில் வைப்பாள். அதற்குள் தினமும் மூன்று வேளை அவள் என்னைப் பார்த்து, போதுமா என்று கேட்பாள். முகத்தில் பயம் தெரியாமல் போதும் என்று சொல்ல நீங்கள் எப்படிப் பழகினீர்கள்? தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.